பாட்டு டீச்சர்

டி. கே. பட்டம்மாள் என்ற பெயரில் 'கே' யார் என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கிருஷ்ணசாமி தீட்சிதர், பட்டம்மாளின் தகப்பனார். சரி, அதற்கு முன்னால் நிற்கிறதே ஒரு 'டி', அது என்ன?

எனக்கு அது பதினோராவது வயதிலேயே தெரியும். சங்கீத ஞானத்தினால் அல்ல. ஞானத்துக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் பாட்டு டீச்சர் அந்த ஊரிலிருந்துதான் தினம் பஸ் ஏறி வருவார். ஆறாம் வகுப்பில் முதல் நாள் உள்ளே வந்தவர், கரும்பலகையில் "தாமல்" என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு, "இது என் ஊர். இன்னொருத்தருக்கும் ஊர். அது யார் என்று வருஷ முடிவுக்குள் சொல்கிறேன்" என்றார். சொன்னபடி சொன்னார். ஆனால் வருஷ முடிவு வரையில் காத்திருக்கவில்லை. அந்த வாரத்திலேயே சொல்லிவிட்டார். அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் ஆசிரியரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன்.

"என்ன விசேஷம்?" என்றார்.

"எங்கள் பாட்டு டீச்சர் ரிடையர் ஆகிறார். பள்ளிக்கூடத்தில் விழா வைத்திருக்கிறார்கள்."

"அதற்கு லீவு எதற்கு? போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

லீவும் போயிற்று, இதோ கட்டுரை.

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். டீச்சரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. கேட்டால் கோபித்துக் கொள்வார். அவர் அங்கே 36 வருஷம் வேலை பார்த்தார். அத்தனை வருஷமும் தாமலிலிருந்து வருவதும் போவதும் பஸ்ஸில்தான்.

தாமலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்தது தெரியாமலே. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் பறப்பவர்களுக்கு அது ஒரு பெயர்ப் பலகை. கூடவே ஒரு பெரிய ஏரி. நல்ல மழைக்கு அப்புறம் போனால் கடல் மாதிரி அலையடிக்கும். கோடையில் போனால் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். ஊருக்குள்ளே வராகீசுவரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில். சைவம், வைணவம் இரண்டு பக்கத்துக்கும் மனத்தாங்கல் இல்லாத ஊர். இந்தச் சின்ன ஊரின் பெயர்தான் 'டி' என்ற ஓர் எழுத்தாகச் சுருங்கிக் கிராமபோன் தட்டுகளில் ஏறி, உலகத்தில் தமிழர்கள் இருக்கிற இடமெல்லாம் சுற்றி வந்தது.

பட்டம்மாள் பிறந்தது என்னவோ காஞ்சிபுரத்தில்தான், 1919-ல். வைத்த பெயர் அலமேலு. வீட்டில் 'பட்டா' என்று கூப்பிட்டார்கள்; அதுவே நிலைத்தது. தகப்பனாருக்குச் சங்கீதத்தில் அபார ஆசை. விடியற்காலை நாலு மணிக்கே குழந்தை எழுந்து உட்கார்ந்து பாடவேண்டும். இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் டீச்சர் கதையை இங்கே ஆரம்பிக்க மாட்டார். தாயாரிடமிருந்து ஆரம்பிப்பார்.

தாயார் காந்திமதி. ராஜம்மாள் என்றும் சொல்வார்கள். நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் மேடை கிடக்கட்டும், உறவுக்காரர்கள், சிநேகிதர்கள் முன்னால் பாடக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. ஆசாரமான குடும்பம், வழக்கமில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த இடத்தில் டீச்சர் நிறுத்திவிட்டு, "உங்க அம்மால்லாம் பாடுவாங்களா?" என்று கேட்பார். முதலில் யாரும் பேசமாட்டோம். அப்புறம் ஒவ்வொரு கையாகத் தூக்கும். "எங்கம்மா பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாங்க டீச்சர்." "எங்கம்மா தம்பியைத் தூங்க வைக்கும்போது." "எங்கம்மா பாடுவாங்க, அப்பா வந்தா நிறுத்திடுவாங்க."

கடைசியாகச் சொன்னது நான்.

என் அம்மாவின் குரலைப் பற்றி நான் அதுவரையில் யோசித்ததே இல்லை. அடுப்பங்கரையில் தாளிக்கிற சத்தத்தோடு சேர்ந்து வருகிற ஒரு சத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் கதவோரம் நின்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தவுடன் நிறுத்திவிட்டாள்.

கதைக்கு வருவோம். பட்டம்மாள் படித்தது காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில். அங்கே அம்முக்குட்டி அம்மாள் என்று ஒரு தலைமையாசிரியை இருந்தார். இந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். பள்ளி நாடகத்தில் பட்டம்மாளைப் பாடி நடிக்க வைத்தார். பெண்ணின் படம் பத்திரிகையில் வந்துவிட்டது!

இன்றைக்கென்றால் அந்தப் பத்திரிகையைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவோம். அன்றைக்கு வீட்டில் கவலை பிடித்துக்கொண்டது. நாலு பேர் பார்க்கப் பாடிய பெண்ணை, படம் வேறு வந்துவிட்ட பெண்ணை, எவன் வந்து கல்யாணம் செய்துகொள்வான்? அந்தத் தகப்பனாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு மணிக்கு எழுப்பிப் பாட வைத்தவரே அவர்தான். பாட்டில் ஆசை, ஊர் வாயில் பயம். இரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருக்கக் கூடாதா என்ன? நம் அப்பாக்களிடம் இல்லையா?

இங்கே ஒன்றை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். மேடையில் பெண்கள் அதற்கு முன்னால் பாடவே இல்லை என்பது தவறு. வீணை தனம்மாள் போன்ற மகா வித்துவாம்சினிகள் இருந்தார்கள். தேவதாசி மரபில் வந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் கட்டிக் காத்து வந்தார்கள். அவர்களுடைய சங்கீதத்துக்குத் தலையாட்டிய அதே மனிதர்கள்தான், அவர்களைக் காரணம் காட்டி, "நம் வீட்டுப் பெண்கள் பாடுவதாவது!" என்றார்கள். இப்படி இரண்டு தரப்புப் பெண்களுக்கும் ஒரே சமயத்தில் அநியாயம் செய்கிற சாமர்த்தியம் உலகத்துக்கு உண்டு.

அம்முக்குட்டி அம்மாள் சும்மா இருக்கவில்லை. பட்டம்மாளின் தகப்பனாருக்குத் தைரியம் சொன்னார். இந்தக் குரல் காஞ்சிபுரத்தோடு நின்றுவிடக் கூடாது என்று வற்புறுத்தினார். அவர் ஒருவரால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன். தகப்பனாரின் மனசும் இளகியது. ஊரில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை போன்ற சிங்கம் இருந்தது. அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பாதி சங்கீதத்தைக் குழந்தை சேர்த்துக்கொண்டது. கச்சேரியில் கேட்ட கீர்த்தனையை வீட்டுக்கு வந்ததும் தம்பிமார்களின் துணையோடு எழுதி வைத்துக்கொள்வாராம். முறையான குருகுலவாசம் கிடையாது. தெலுங்கு பேசுகிற வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பட்டம்மாள் கடைசிவரை அவரைத் "தெலுங்கு வாத்தியார்" என்றே சொல்லிவந்தார்.

பத்து வயதுச் சுமாருக்கு வானொலி. 1932-ல், பதின்மூன்று வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்றிருந்த காலத்தில், "பல்லவி பட்டம்மாள்" என்று பெயர் வாங்கினார். பெண்களின் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் பட்டம்மாளுக்காக மிருதங்கத்தை எடுத்தார். பிற்பாடு சம்பந்தியும் ஆனார். 1939-ல் கல்கியின் 'தியாகபூமி' படத்துக்குப் பாடினார். பக்திப் பாட்டு, தேசப் பாட்டு இரண்டும்தான் சினிமாவில் பாடுவேன், காதல் பாட்டுப் பாடமாட்டேன் என்ற பிடிவாதத்தையும் விடவில்லை. எவன் வந்து கல்யாணம் செய்துகொள்வான் என்று கவலைப்பட்டார்களே, அதே 1939-ல் ஈசுவரன் வந்து செய்துகொண்டார். மனைவி பாடுவதற்குத் துணையாகவும் நின்றார். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது வானொலியில் பாரதியார் பாட்டைப் பாடினார். 1970-ல் சங்கீத கலாநிதி. 1998-ல் பத்மவிபூஷண். 2009 ஜூலையில், தொண்ணூறு வயதில், காலமானார். அக்காளிடம் கற்றுக்கொண்ட தம்பி டி. கே. ஜெயராமனும் 1990-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவர் பெயரிலும் அதே தாமல் 'டி'. மருமகள் லலிதா சிவகுமார், பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் என்று பாட்டு வளர்ந்துகொண்டே போகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு எங்கள் டீச்சர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அம்முக்குட்டி அம்மாள் போட்டோ எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்போம்.

"நானும் பார்த்ததில்லை. சரி, தாளம் போடுங்க" என்பார்.

இது பெரியவர்களின் சரித்திரம், பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் தறி நெய்கிறவர்களுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வகுப்பில் 52 பேர். அதில் பட்டம்மாள் யாரும் இல்லை என்பது டீச்சருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

என் விஷயத்தைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரையில் வேறொரு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே ஆண்டு விழாவுக்குக் கூட்டமாகப் பாடவேண்டியிருந்தது. ஒத்திகையில் ஒரு டீச்சர் என் பக்கத்தில் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரவேண்டாம்" என்று சொன்னார். நானும் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, மேடையில் முதல் வரிசையில் நின்று, வாயை மட்டும் அசைத்தேன். என் அம்மா வந்து, "எவ்வளவு நல்லாப் பாடினே!" என்று கன்னத்தைத் தடவினாள். நான் எதுவும் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பிலும் அதே வித்தையைச் செய்தேன். இரண்டாவது நாளே பிடிபட்டேன்.

"ஏண்டி, உன் பக்கத்திலேயிருந்து காத்து மட்டும்தானே வருது?" என்றார் டீச்சர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யாரையும் திட்டவுமில்லை. சுருதிப் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இதைப் போட்டுக்கிட்டே இரு. போடறப்போ வாயை மூடக் கூடாது. பெட்டி என்ன சொல்லுதோ அதையே நீயும் சொல்லு. வேறெதுவும் பாடவேண்டாம்."

மூன்று மாதம் 'ச' வைத் தவிர வேறொன்றும் நான் பாடவில்லை. மற்றவர்களெல்லாம் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று போய்க்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியும் கையுமாக 'ச' வில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது மாதம் 'ப' வந்தது. இன்றைக்கும் எனக்கு அவ்வளவுதான் சங்கீதம். ஆனால் ஒரு கச்சேரியில் உட்கார்ந்தால் பாடுகிறவர் சுருதியை விட்டு இம்மி நகர்ந்தாலும் எனக்கு முதுகுத் தண்டில் தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசும்போது என் குரலைக் கேட்டு நானே பயப்படுவதில்லை. என் தொழிலுக்கு இது போதாதா?

டீச்சர் செய்த இன்னொரு வேடிக்கை. "இந்த வகுப்பிலே யாருக்காவது ராகம் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். தெரியாது என்றோம். "பொய்! தினம் காலையிலே பாடறீங்களே!" என்றார். பிரார்த்தனையில் பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அது மோகனம். சுந்தரம் பிள்ளை 1891-ல் எழுதின 'மனோன்மணீய'த்தில் வருகிற பாட்டுக்கு மெல்லிசை மன்னர் விசுவநாதன் மோகன ராகத்தில் மெட்டுப் போட்டார். ச, ரி, க, ப, த — ஐந்தே சுரம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ராகம் பாடமாகியிருக்கிறது. அது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். 2021 டிசம்பரில் அரசாங்கம் அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாடவேண்டும் என்றும் சொல்லிற்று. "முன்னே எங்க பிள்ளைங்க ஒரு நிமிஷத்துக்கு மேலே இழுத்துடுவாங்க. இப்போ கடிகாரத்தைப் பார்த்துத் தாளம் போடறேன்" என்று டீச்சர் இந்தத் தடவை சொன்னார்.

இனி அந்தத் தறிக்காரர் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

எங்கள் வகுப்பில் பட்டம்மாள் யாரும் இல்லை என்று எழுதினேன் அல்லவா? எட்டாம் வகுப்பில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். வேறு பள்ளியிலிருந்து வந்தவள், ஒல்லியாக இருப்பாள், பேசவே மாட்டாள். முதல் நாள் அவள் 'ச' என்றபோது நான் பெட்டி போடுவதை நிறுத்திவிட்டேன். டீச்சரும் தாளத்தை நிறுத்திவிட்டார். "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார்.

அந்த வருஷம் முழுவதும் டீச்சர் அவளுக்குச் சாப்பாட்டு மணி நேரத்தில் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். கீதம் முடிந்து வர்ணம் ஆரம்பித்தாயிற்று. நான் பெட்டி போடுவேன். அதனால் எனக்கும் அங்கே இடம் உண்டு. டீச்சர் கொண்டுவந்த புளிச்சாதத்தை மூன்று பேரும் சாப்பிடுவோம். மாவட்டப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை. டீச்சர் தாமல் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். வழி காட்ட நானும் போனேன்.

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உங்களில் பலர் கட்டிக்கொண்டும் இருப்பீர்கள். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. அதை ஒரே ஆளால் நெய்ய முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைக் கோத்துக் கொடுக்கவேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டில் அந்த இன்னொருவர் மனைவியாக இருப்பாள், இல்லாவிட்டால் குழந்தை. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. பெண் தறியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அப்பா எழுந்து, டீச்சருக்கு முக்காலி எடுத்துப் போட்டார். மரியாதையான மனிதர். "என் பொண்ணு பாடறது எனக்குத் தெரியாதாம்மா? தறியிலே உட்கார்ந்து பாடறாளே, கேட்டுக்கிட்டேதானே நெய்யறேன்" என்றார். "இந்தப் பாவு முடியட்டும், அனுப்பறேன்."

டீச்சர் மூன்று முறை போனார். ஒரு பாவு முடிந்தது. அடுத்த பாவு ஏறிவிட்டது. மூன்றாவது முறை அவர் தம் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார் என்று இப்போதுதான் எனக்குச் சொன்னார். அந்த மனிதர் கைகூப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அவள் திரும்பி வரவே இல்லை. இரண்டு வருஷத்தில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

"அம்முக்குட்டி அம்மாள் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசினாங்க, ஜெயிச்சாங்க. நான் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசினேன், தோத்தேன்" என்றார் டீச்சர். நான் மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு. அங்கே தடுத்தது ஊர் வாய். இங்கே தடுத்தது வயிறு. ஊர் வாய்க்கு என்னாலே பதில் சொல்ல முடியும்" என்றார்.

விழாவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விழாக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். சித்திரை வெயிலில் சாமியானா, மாலை, பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் இரண்டு. ரிடையர் ஆகிறவர்களுக்குக் கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ!

பழைய மாணவிகள் எழுபது, எண்பது பேர் வந்திருந்தோம். ஒரு வித்துவாம்சினி கூட இல்லை. ஒருத்தி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அழுகிற குழந்தைகளை அலங்காரம் சொல்லியே அடக்கிவிடுவாளாம். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி போலீஸ் கான்ஸ்டபிள். "பரேட்லே சத்தம் போடறதுக்கு மூச்சு எங்கேயிருந்து எடுக்கணும்னு டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். மாமியார் வீட்டில் பத்து வருஷமாகப் பாடாமல் இருந்து, மகள் பிறந்தபின் பாட ஆரம்பித்தவள் ஒருத்தி. எல்லோரும் சேர்ந்து மோகனத்தில் பாடினோம். நானும் பாடினேன், சத்தமாக. பக்கத்தில் நின்றவள் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தாள்; பார்த்துவிட்டுப் போகட்டும்.

டீச்சர் இரண்டு நிமிஷம்தான் பேசினார். அதற்குள் கூட்டத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும் என்னிடம், "அவள் வந்தாளா?" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. "இல்லை டீச்சர்" என்றேன். சாப்பாட்டுப் பந்தியில் மறுபடியும், "பின்னாலே எங்கேயாவது நின்னிருப்பாளோ? பேசமாட்டாளே அவள்" என்றார்.

அவருடைய இடத்துக்கு யார் வருவார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்தேன். இன்னும் யாரும் இல்லை என்றார்கள். அந்தக் காலத்தில் பாட்டு டீச்சரை உருவாக்குவதற்கென்றே சிலர் பாடுபட்டார்கள். சென்னை சங்கீத வித்வத் சபை 1931-லேயே சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு கல்லூரி வைத்தது. டைகர் வரதாச்சாரியார் அதற்குத் தலைவராக இருந்தார். மகா வித்துவான் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்குப் பாடம் எடுத்தார்! எங்கள் டீச்சர் லோயர், ஹையர் பரீட்சைகள் எழுதி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து முழு நேர வேலைக்கு வந்தவர். 2012-ல் அரசாங்கம் பாட்டு, ஓவியம், தையல், உடற்கல்வி என்று எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். பிறகு சம்பளம் கூடியது. ஆனால் வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவர் எந்த வீட்டைத் தேடிக்கொண்டு மூன்று முறை போவார்? அவருக்கு மற்ற நாட்களில் பிழைப்பு இருக்கிறதே. குறையாகச் சொல்லவில்லை. அவர்களும் கொடுத்த நேரத்துக்குள் பாடத்தான் செய்கிறார்கள்.

சாயந்திரம் டீச்சரோடு நானும் தாமலுக்குப் பஸ் ஏறினேன். குத்துவிளக்கு என் மடியில். கடிகாரங்கள் அவர் மடியில். ஒரு கடிகாரத்துக்கு யாரோ பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. டீச்சரின் விரல் தானாக அதன்மேல் தாளம் போட்டது.

"உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்க டீச்சர். அப்பா போனப்புறம் என்னோடதான்."

"பாடறாங்களா?"

"பாடறாங்க. இப்போ நான் வந்தாலும் நிறுத்தறதில்லை."

"அது போதும்" என்றார்.

ஏரிக்கரை வந்தது. தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் இருந்தது. இறங்குவதற்காகச் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"டீச்சர், சுருதிப் பெட்டி? அது உங்க சொந்தப் பெட்டியாச்சே! மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"மறக்கலைடி. பாட்டு ரூம் பீரோவிலே வெச்சிருக்கேன். சாவி தலைமையாசிரியை கிட்ட இருக்கு" என்றார். "யாராவது வந்தா வேணுமே. அரசாங்கம் பெட்டி வாங்கிக் கொடுக்கறதுக்குள்ளே ஒரு வருஷம் ஆயிடும். துருத்தியிலே ஒரு சின்ன ஓட்டை இருக்கு, துணி ஒட்டியிருக்கேன். அதை மட்டும் வர்றவங்க கிட்ட சொல்லணும். நீ அந்தப் பக்கம் போனா சொல்லிடு."